ஒரே மண்டபம், ஒரே ஞாயிறு

நியூ ஜெர்சியில் எங்கள் பங்குக் கோவிலை ஒட்டி ஒரு மண்டபம் இருந்தது. செங்கல் சுவர், தாழ்ந்த கூரை, மரப்பலகை பாவிய தரை, ஒரு மூலையில் சமையலறை, மறு கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, இவ்வளவுதான். அதைக் கட்டியவர்கள் ஐரிஷ்காரர்கள். தங்கள் பாட்டன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் சுமந்து எழுப்பிய மண்டபம் என்று அவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அவ்வாறு சொல்லும்போதெல்லாம், நீங்கள் சுமக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதாக எனக்குப் படும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பங்கில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபதுக்குக் குறையாமல் இருந்தன. பெரும்பாலோர் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்தவர்கள். என் மனைவி செவிலியர் வேலைக்கு முதலில் வந்தாள். நான் பின்னால் வந்து ஒரு மருந்துக் கிடங்கில் சேர்ந்தேன். வயதில் மூத்தவன் என்பதால் பங்குத்தந்தையிடம் எதுவும் கேட்க வேண்டியிருந்தால் என்னையே முன்னால் தள்ளுவார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு குறை. செப்டம்பர் எட்டாம் தேதி வேளாங்கண்ணி மாதாவின் திருநாள். அதை ஆண்டுதோறும் யாருடைய வீட்டிலாவது பூமிக்கு அடியிலுள்ள அறையில் நடத்திவந்தோம். அந்த அறைகளின் கூரை கைக்கு எட்டும். எங்களவர் ஒருவர் பலகையறுத்து வர்ணம் பூசிச் செய்த சப்பரத்தைத் தோளில் ஏற்ற முடியாது. மாதாவின் சுரூபத்தைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துச் செபமாலை சொல்வோம். திருநாள் வாரநாளில் வந்தால் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வோம். அந்த ஆண்டு எட்டாம் தேதியே ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. திருநாளை அதன் சொந்த நாளில், நிமிர்ந்து நிற்கக்கூடிய ஓர் இடத்தில், சப்பரம் தூக்கி நடத்திவிட வேண்டும் என்ற ஆசை எல்லார் வீட்டிலும் எழுந்தது. நான் போய் மண்டபத்தைக் கேட்டேன். பங்குத்தந்தை உடனே சரி என்றார்.

அவ்வளவு எளிதில் சரி என்றதே எனக்கு உறுத்தியது. காரணம் ஒரு வாரத்தில் தெரிந்தது. அவர் அப்பங்குக்குப் புதியவர். செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு அடுத்த சனி, ஞாயிறு இரு நாளும் அந்த மண்டபத்தில் ஐரிஷ்காரர்களின் மரபிசை விழா நடப்பது வழக்கம் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் வார இறுதிகளில் பெரும்பாலும் பூசை முடிந்த கையோடு கிடங்கு வேலைக்குப் போகிறவன். விழா ஒன்று நடப்பதை அறிவேனே தவிர, எந்த நாளில் என்று அறியேன்; உள்ளே எட்டிப் பார்த்ததும் இல்லை.

ஒரே மண்டபம், ஒரே ஞாயிறு. கொடுத்த வாக்கைப் பங்குத்தந்தை திரும்பப் பெறுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அதற்கு மாறாக, ஐரிஷ்காரர்களே இரு பிரிவானார்கள். விழாவைக் கவுன்டி நிர்வாகத்தின் திறந்தவெளிப் பூங்காவுக்குக் கொண்டுபோகலாம் என்றது ஒரு பிரிவு. மண்டபத்தை விட்டு நகரக் கூடாது என்றது மற்றொன்று.

பூங்காப் பிரிவுக்குத் தலைவர் ஒரு காப்பீட்டு முகவர். நாற்பது வயதுக்காரர்; பூசை முடிந்ததும் வாசலில் நின்று எங்கள் குழந்தைகளின் பெயர்களைக்கூடத் தவறில்லாமல் சொல்லிக் கைகுலுக்குவார். மண்டபப் பிரிவின் தலைவர் மரக்குழல் வாசிக்கும் கிழவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவர் எங்களுக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒருமுறை நாங்கள் ஞானஸ்நான விருந்துக்கு மீன் குழம்பு வைத்திருந்தபோது மண்டபத்துக்குள் வந்தவர், ஒரு சொல்லும் பேசாமல் எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போனவர்.

ஆக, எங்களுக்கு இனியவர் மண்டபத்தை விட்டுப் போகிறேன் என்றார். எங்களை விரும்பாதவர் போகமாட்டேன் என்றார். இதில் சந்தேகப்பட எதுவும் இல்லையே என்று தோன்றலாம். எனக்கு முதலாமவர்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, கார் நிறுத்துமிடத்தில் காப்பீட்டுக்காரர் என்னை மடக்கினார். ஐரிஷ்காரர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் விழுந்த விதத்தில் தமிழில் தருகிறேன்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஹால் உங்களுக்குத்தான். நாங்க பார்க்குக்குப் போயிடறோம். உங்க திருநாள் முக்கியம் இல்லையா?"

"உங்க விழாவும் முக்கியந்தானே," என்றேன்.

"நாங்க எங்க வேணா வாசிப்போம். சனிக்கிழமையும் சேத்தே வெச்சுக்கோங்க. ஜோடனை எல்லாம் பண்ணணுமே." என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: "என்னவாம்?"

சொன்னேன்.

"கேக்காமலே சனிக்கிழமையையும் தாராராக்கும். அப்படி என்ன நம்ம மேல பாசம்?"

"நல்ல மனுஷனா இருக்கலாம்."

"இருக்கலாம். இன்சூரன்ஸ் விக்கிறவரு. சிரிக்காம இருந்தா யாரு வாங்குவா? ஃப்ரீவேல ஏறுங்க, பின்னால ஹார்ன் அடிக்கான்."

அவள் சந்தேகம் வீண்போகவில்லை. அவளோடு ஒரே வார்டில் வேலை செய்த ஐரிஷ் செவிலியர் ஒருவர் சில நாள் கழித்து அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்: உங்கள் ஆட்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டபம் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார்களாமே, இத்தனை ஆண்டு விழாவை வெளியே தள்ளுவது நியாயமா என்று. யார் சொன்னது என்று இவள் விசாரித்தாள். காப்பீட்டுக்காரர் எல்லார் வீட்டிலும் அவ்வாறே சொல்லிவருகிறாராம். பூங்காவில் பெரிய மேடை, ஒலிபெருக்கி, பீர்க் கடை, விளம்பரத் தட்டி என்று அவர் பல ஆண்டுகளாகத் திட்டம் வைத்திருந்தாராம். கிழவர் இடம்கொடுக்கவில்லை. இப்போது எங்களைக் காரணம் காட்டி அதைச் சாதிக்கப் பார்க்கிறார்.

எங்கள் நிலை அன்றுமுதல் இக்கட்டானது. விழா மண்டபத்திலேயே நின்றால் மாதா மீண்டும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். விழா பூங்காவுக்குப் போனால் மண்டபம் கிடைக்கும். ஆனால் விரட்டியவர்கள் என்ற பெயரோடு கிடைக்கும். அந்தப் பெயரோடு மறு ஆண்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அந்தப் பங்கில் எங்கள் திருநாளுக்கு ஓர் இடம் உண்டா, இல்லையா என்பதே அன்று கேள்வியாயிற்று.

அடுத்த சனிக்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் குழல்காரக் கிழவர். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உள்ளே அழைத்தேன். என் மனைவி காப்பி கொண்டுவரட்டுமா என்றாள். வேண்டாம் என்றார். சிறிது நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டாள். அதற்கும் வேண்டாம் என்றார். எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்தவர் இருமுறை காப்பியை மறுத்தால் அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே பொருள். மனைவி சமையலறை வாசலில் கைகட்டி நின்றுகொண்டாள்.

கிழவர் சுவரிலிருந்த மாதா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ரெண்டு நாளும் வேணும்னு கேட்டது நீங்களா?"

"ஞாயிறு மட்டுந்தான் கேட்டோம். பூசைக்கு அப்புறம், சாயங்காலம் வரைக்கும்."

"வேற மாதிரி சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"ஞாயிறு மட்டும்," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். தொப்பியை அணிந்தார். வாசலில் திரும்பி, "மீட்டிங்க்ல இதச் சொல்லுவீங்களா?" என்றார்.

"கேட்டா சொல்லுவேன்."

"கேப்பாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"எதுக்கு வந்தாரு இவரு?" என்றாள் மனைவி. "ஒரு வாய் காப்பி குடிக்கல. வீட்டச் சுத்திச் சுத்திப் பாக்காரு. உங்க வாயப் பிடுங்கிட்டுப் போறாரு. நாளைக்கு இவரு ஒண்ணு, அவரு ஒண்ணுன்னு சொல்லி, நடுவுல நம்மள நிறுத்துவாங்க பாருங்க."

எனக்கும் அந்த அச்சமே. அவர் உண்மையை அறிய வந்தாரா, அல்லது என் வாயால் ஒரு சொல்லைப் பெற்று எங்களுக்கு எதிராகவே திருப்ப வந்தாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

கூட்டம் அந்த மண்டபத்திலேயே நடந்தது. எங்கள் சார்பில் என்னை மட்டும் அழைத்திருந்தார்கள். காப்பீட்டுக்காரர் பூங்காவின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மேடை இங்கே, கார்கள் இங்கே, உணவுக் கடைகள் இங்கே என்று விரலால் காட்டினார். எல்லார் முகத்திலும் மேடை வெளிச்சம் விழுந்தாற்போல் ஒரு மலர்ச்சி.

கிழவர் எழுந்து சுருக்கமாகப் பேசினார். "வெட்டவெளியில குழல் சத்தம் நிக்காது, போயிடும். அப்புறம் மைக் வேணும். மைக் வந்தா மேடை வேணும். மேடை வந்தா யாரு சத்தம் கேக்கணும், யாரு சத்தம் கேக்கக் கூடாதுன்னு மைக் வெச்சிருக்கிறவன் முடிவு பண்ணுவான். இந்தக் கூரை தாழ்வா இருக்கு. அதனாலதான் இங்க வாசிக்கிறோம்."

"கூரை தாழ்வுன்னு யாராவது பெருமைப்படுவாங்களா?" என்றார் காப்பீட்டுக்காரர். சிரிப்பு எழுந்தது.

பிறகு பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, எங்களுக்குச் சனிக்கிழமை தேவையா என்று கேட்டார். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள் கேட்டது ஞாயிறு மட்டும்," என்றேன்.

காப்பீட்டுக்காரர் புன்னகை மாறாமல் கேட்டார்: "கரெக்ட். ஆனா ஜோடனை? சுரூபம் வெக்கணும், பூ கட்டணும், லைட் போடணும். அதெல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல பூசைக்கு முன்னாடியே முடிஞ்சிடுமா?"

முடியாது. சப்பரத்துக்கு விளக்குப் போடவே அரை நாள் ஆகும். அதை அவர் எங்களிடமே கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். பொய் சொல்ல என்னால் ஆகவில்லை.

"சனிக்கிழமை மாலை சிறிது நேரம் தேவைப்படும்," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்லிட்டு வர்றேன்," என்றார் அவர், எல்லாரையும் பார்த்து.

கைகள் உயர்ந்தன. விழா பூங்காவுக்குப் போயிற்று. கிழவர் நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கடந்து போனார். நானும் காப்பீட்டுக்காரரும் முன்பே பேசிவைத்து ஆடிய நாடகம் என்று அவர் எண்ணியிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே எண்ணியிருப்பேன்.

திருநாள் வந்தது. மேடையில் நீல விளக்குகளுக்கு நடுவே மாதா நின்றாள். முதன்முறையாக அவளை நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். பூசை முடிந்து, செபமாலை முடிந்து, அசனம் என்னும் பொது விருந்துக்காகப் பெண்கள் சோற்றையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது சப்பரம். மேடையிலிருந்து நேராக வாசல் வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக நாற்காலிகளை இரு பக்கமும் ஒதுக்கி, நடுவில் வழி விட்டிருந்தோம்.

அப்போது வாசலில் கிழவர் தோன்றினார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லாரும் வயதானவர்கள். கைகளில் வாத்தியப் பெட்டிகள். அந்த நேரத்தில் அவர்கள் பூங்கா மேடையில் இருக்க வேண்டியவர்கள். யாரையும் ஒன்றும் கேட்காமல், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியை எடுத்தார்கள். நாங்கள் விட்டிருந்த வழியின் நட்டநடுவில், தரையின் மத்தியில், வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். வட்டம் உள்நோக்கி இருந்தது. எங்களில் யார் எங்கே நின்றாலும் யாராவது ஒருவருடைய முதுகே தெரிந்தது. கிழவருடைய முதுகு நேராக மாதாவை நோக்கி இருந்தது.

மண்டபம் சில்லிட்டது. எங்கள் ஊர்க் கோவில்களில் மாதாவுக்கு முதுகு காட்டமாட்டோம். கும்பிட்டுவிட்டு வெளியேறும்போதுகூட நாலடி பின்னாலேயே நடந்து, பிறகுதான் திரும்புவோம். இவர்களோ வந்து, வழியை மறித்து, முதுகைக் காட்டி, பெட்டிகளைத் திறந்தார்கள்.

மென்பொருள் வேலைக்கு வந்திருந்த எங்கள் தூத்துக்குடித் தம்பி ஒருவர் என்னிடம் விரைந்து வந்தார். "அங்கிள், பாத்தீங்களா? வேணும்னே பண்றாங்க. நான் போய்க் கேக்கவா?"

"என்னன்னு கேப்பீங்க?"

"சேர்களத் திருப்பிப் போடச் சொல்றேன். இல்லன்னா வெளிய போகச் சொல்றேன். பர்மிஷன் நம்மகிட்டதான இருக்கு?"

"வெளிய போகச் சொன்னா, அதையே எதிர்பாத்து வந்திருந்தாங்கன்னா?"

என் ஐயம் அதுவே. நாங்கள் ஒருமுறை அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டால் போதும். காப்பீட்டுக்காரர் பரப்பிய கதை அன்றுமுதல் உண்மையாகிவிடும்.

குழம்புக் கரண்டியோடு என் மனைவி வந்து சேர்ந்தாள். தம்பி முறையிட்டதைக் கேட்டாள். "முதுகா?" என்றாள். "எங்க வார்டுல ஒரு அம்மா ரிட்டயர் ஆனப்ப பார்ட்டி வெச்சாங்க. பாருக்குப் பின்னால ஒரு ரூம். அங்கயும் இப்படித்தான், மேசையச் சுத்தி உக்காந்து அவங்களுக்குள்ளயே வாசிச்சிட்டு இருந்தாங்க. ஒருத்தரும் எங்க மூஞ்சியப் பாக்கல. ஒருத்தர் தொடங்குவாரு, மத்தவங்க அவரு விரலப் பாத்துச் சேந்துக்குவாங்க. அதுக்குத்தான் வட்டம்."

"அப்ப நல்லதுக்குத்தான் வந்திருக்காங்களா, ஆன்ட்டி?"

"அத நான் சொல்லல. முதுகுக்கு மட்டுந்தான் சொன்னேன்," என்று கரண்டியோடு திரும்பிப் போனாள்.

அதற்குள் கிழவர் குழலை வாயில் வைத்து ஆரம்பித்துவிட்டார். அறிவிப்பு இல்லை, அவை வணக்கம் இல்லை. ஒரு ஃபிடில் சேர்ந்தது, இன்னொன்று சேர்ந்தது, தப்பு மேளத்தைப் போன்ற ஒரு வட்டத் தோற்கருவி கடைசியில் சேர்ந்தது. சத்தம் கூரையில் பட்டுத் தலைமேலேயே நின்றது. கூட்டத்தில் அவர் கூரையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை என்பது அப்போது விளங்கியது.

சப்பரம் தூக்கும் நால்வரும் தோளில் துண்டு போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நேர்வழி மறிக்கப்பட்டிருந்தது. காத்திருப்பதா, விலகச் சொல்வதா?

"சுத்திப் போங்க," என்றேன்.

"எத, அங்கிள்?"

"அவங்களத்தான். கோவிலச் சுத்துற மாதிரி சுத்திட்டு வாசலுக்குப் போங்க. மாதா சுத்தி வந்தா யாரும் அவளுக்கு முதுகு காட்டிக்கிட்டே இருக்க முடியாது."

சப்பரம் எழுந்தது. பெண்கள் மாதா பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டு இசையும் ஒன்றாய்க் கலந்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். அவை கலக்கவில்லை. எங்கள் பாட்டு ஒரு பக்கம் இழுத்தது, அவர்கள் வேகம் ஒரு பக்கம் ஓடியது. சப்பரம் வட்டத்தைச் சுற்றத் தொடங்கியபோது தோற்கருவிக்காரர் நிமிர்ந்து பார்த்துக் கையைத் தளர்த்தினார். கிழவர் நிறுத்தவில்லை. ஆனால் மாதா அவருக்கு நேரெதிரே வந்தபோது, வாசித்தபடியே தலையைத் தாழ்த்தினார். பக்தியா, பாட்டின் போக்கா என்று நான் கூர்ந்து பார்த்தேன். தெரியவில்லை.

சப்பரம் வாசலை நெருங்கியபோது எதிரே பங்குத்தந்தையும், அவருக்குப் பின்னால் காப்பீட்டுக்காரரும் வந்து நின்றார்கள். பூங்காவில் மேடை காலியாகக் கிடந்ததாம். ஆள் தேடி வந்திருந்தார்கள். காப்பீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பைக் காணாதது எனக்கு அதுவே முதல் தடவை. வட்டத்தருகே போய்க் கேட்டார்:

"உங்கள யாரு இங்க வரச் சொன்னது?"

கிழவர் பாட்டை முடித்தார். அவசரப்படாமல் குழலைத் துணியால் துடைத்தார். பிறகு அந்தக் குழலாலேயே என்னைச் சுட்டிக்காட்டினார்.

"அவர்தான் கூப்பிட்டார். அவங்க திருநாளுக்கு வாசிக்கச் சொன்னார்."

நான் கூப்பிடவில்லை. கூட்டத்துக்குப் பிறகு அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லாக் கண்களும் என்மேல் விழுந்தன. அந்தப் பொய் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று அக்கணத்தில் எண்ணினேன். ஐரிஷ் இசை அந்த ஆண்டும் மண்டபத்தை விட்டுப் போகவில்லை என்று அவர் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். தமிழர்கள் விரட்டவில்லை, அழைத்தார்கள் என்று எங்களுக்கும் ஆயிற்று. காப்பீட்டுக்காரர் தோற்றார் என்பதும் அதில் அடக்கம். மூன்றில் எதை எண்ணிச் சொன்னார் என்பது அவர் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"ஆமாம்," என்றேன். "சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறார்கள். நீங்களும் உட்காருங்கள்."

பங்குத்தந்தை என்னையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. "அப்ப அடுத்த வருஷமும் ரெண்டையும் இங்கயே சேத்து வெச்சிடலாமே," என்றார். காப்பீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அசனத்தின்போது கிழவர் தட்டோடு என் எதிரே வந்து அமர்ந்தார். கறியைச் சோற்றிலிருந்து தனியே ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார்.

"அடுத்த வருஷம் சனிக்கிழமை முழுக்க எங்களுக்கு," என்றார், தலை நிமிராமல்.

"சாயங்காலம் சப்பரத்துக்கு லைட் போடணும்."

"ஆறு மணிக்கு மேல வாங்க. நாங்க வாசிச்சிட்டு இருப்போம். நீங்க பாட்டுக்குப் போடுங்க."

"ஞாயிறு பூசையிலேர்ந்து எங்களுக்கு."

"எது வரைக்கும்?"

"சாப்பாடு முடியற வரைக்கும்."

"சாப்பாடு எப்ப முடியும்?"

"அது எங்களுக்கே தெரியாது," என்றேன்.

அவர் அதை யோசித்தார். ஏதோ கண்ணி இருக்கிறது என்று எண்ணியிருப்பார்; நெற்றி சுருங்கியது. பிறகு பங்குத்தந்தையைக் கைதட்டி அழைத்து, நாங்கள் பேசிய ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையில் என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். பதிலுக்கு நானும் கிழவரை அதையே சொல்லச் சொன்னேன்.